ஏழாம் அத்தியாயத்தில் பச்சை மை

1. நாவலுக்கு ஒரு சார்ஜ் மெமோ

செயற்பொறியாளர் விஜயராகவன் என்னை அறைக்கு அழைத்து, மேஜை மேல் ஒரு நாவலைத் தூக்கிப் போட்டார்.

"சூப்ரண்டு, இதுக்கு ஒரு 17பி போடுங்க."

முப்பத்து மூன்று வருட சர்வீஸில் ஆட்களுக்கு நிறைய 17பி போட்டிருக்கிறேன். நாவலுக்குப் போட்டதில்லை. "புத்தகத்துக்குப் போட முடியாது சார். எழுதினவருக்குத்தான் போடலாம்," என்றேன்.

"அவருக்குத்தான் சொல்றேன். உங்க செக்‌ஷன்ல டெஸ்பாட்ச் பார்க்கிறாரே, தேவசகாயம். ஏழாவது சாப்டர் படிங்க. அதுல வர்ற ஆபீசர் நான்தானாம். என் பொண்ணு காலேஜ்ல இதைப் பாடமா வெச்சிருக்காங்க. சாப்பிட உட்கார்ந்தா, தட்டு முன்னாடி வெச்சு சத்தமா வாசிக்கிறா. வாசிச்சிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறா!"

எங்களுடையது தாம்பரத்தில் இருந்த ஓர் அரசு அலுவலகம். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். குழாய், வால்வு, புகார் என்று மூன்று சொற்கள் சொன்னால் போதும். நான் நிர்வாகப் பிரிவின் கண்காணிப்பாளர். பேச்சு வழக்கில் சூப்ரண்டு.

புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளுக்கு 17பி பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் குற்றச்சாட்டு மெமோக்கள்: சின்னத் தப்புக்கு 17ஏ, பெரிய தப்புக்கு 17பி. ஓய்வுபெறும் நாளில் ஒருவர் மேல் 17பி நிலுவையில் இருந்தால் அவரை ஓய்வுபெற விட மாட்டார்கள். கடைசி நாள் மாலை, மாலைக்குப் பதிலாக சஸ்பென்ஷன் ஆர்டர் கைக்கு வரும். அதற்குப் பிறகு விசாரணை முடிகிற வரை அவர் வேலையிலும் இல்லை, ஓய்விலும் இல்லை. அந்த நிலையிலேயே சிலர் காலமாகிவிட்டதும் உண்டு.

தேவசகாயம் ஓய்வுபெற நாற்பத்தொரு நாள் இருந்தது.

2. டெஸ்பாட்ச் சீட்

மனுக்களை வாங்கிப் பதிந்து, தபால் அனுப்பும் டெஸ்பாட்ச் சீட்டில் இருந்த தேவசகாயம் நான்கு நாவல் எழுதியவர். நான் நான்கையும் வாங்கியிருந்தேன்; படித்ததில்லை. கூட வேலை செய்கிறவர் எழுதிய புத்தகத்தைப் படித்தால் கருத்து சொல்ல வேண்டியிருக்கும்.

அவர் நாவல்களில் யாரும் மலையேற மாட்டார்கள், யுத்தத்துக்குப் போக மாட்டார்கள். முதல் நாவலில் ஒரு பஸ் டிக்கெட் பரிசோதகர். இரண்டாவதில் ஆஸ்பத்திரி ஆயா. மூன்றாவதில் ரேஷன் கடையில் எடை போடுகிறவர். ஒருமுறை ஒரு பத்திரிகைக்காரர் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, "ஏன் சார் உங்க கதையில ஹீரோவே இல்லை?" என்று கேட்டார். தேவசகாயம் ஜன்னல் வழியாக எங்கள் புகார் கவுன்ட்டர் வரிசையைக் காட்டினார். "இருக்காங்களே. டோக்கன் நம்பர் பதினேழு வரைக்கும் வந்திருக்காங்க." பத்திரிகைக்காரர் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மனு கொண்டு வருகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து நின்று வாங்குவார். ஒரு நாளைக்கு அறுபது மனு என்றால் அறுபது தடவை. "டெஸ்பாட்ச் சீட்டுல நாற்காலியே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாமா?" என்று நான் கேலி செய்வேன். "முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு சார்," என்பார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

3. மூன்று நாள் டெலிபோன்

மதிய இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு நான்காவது நாவலின் ஏழாம் அத்தியாயத்தைப் படித்தேன். அதில் நடப்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு பெருமழை. தாம்பரத்திலிருந்து எந்தப் பக்கமும் போக முடியவில்லை. அலுவலகத்துக்கு யாரும் வரவில்லை. துப்புரவுப் பணியாளர் கஸ்தூரி மட்டும் இருந்தார். பள்ளிக்கரணையில் அவர் வீட்டுக்குள் முந்தின நாளே தண்ணீர் புகுந்துவிட்டதால், அடுப்பையும் துணி மூட்டையையும் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்து தங்கிவிட்டார். எங்கள் டெலிபோன் மட்டும் எப்படியோ உயிரோடு இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. கஸ்தூரி எடுத்தார்.

"சார் இல்ல. நான் கீறேன். இன்னா தெரு, சொல்லு."

மூன்று நாள் இப்படியே பேசினார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தெருவுக்கும் சுவரில் கரியால் ஒரு படம் போட்டார். கோயில் தெருவுக்கு மணி. பள்ளிக்கூடத் தெருவுக்குப் பிரம்பு. குடிதண்ணீர் இல்லாத வீட்டுக்கு ஒரு கோடு, கைக்குழந்தை இருந்தால் பக்கத்தில் ஒரு புள்ளி. தனியாக இருந்த ஒரு வயசான அம்மா ராத்திரி பகல் பாராமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை, பயம்தான். கஸ்தூரி அவருக்கு மீன் குழம்பு வைக்கும் முறையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா சைவம்.

நான்காம் நாள் தண்ணீர் லாரிகள் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கிளம்பின. அன்று காலை முதலில் வந்து சேர்ந்தவர் அப்போது உதவி செயற்பொறியாளராக இருந்த விஜயராகவன். வந்ததும் அவர் கேட்ட கேள்வி: "யார் உன்னை ஆபீஸ் போனைத் தொடச் சொன்னது? சுவத்துல என்ன கிறுக்கல்?" இரண்டுக்கும் சேர்த்து விளக்கம் கோரி ஒரு மெமோ. கஸ்தூரி பெருவிரல் ரேகை வைத்து வாங்கிக்கொண்டார்.

இதுதான் ஏழாம் அத்தியாயம். நாவலில் கஸ்தூரி, கஸ்தூரிதான். பெயர்கூட மாற்றவில்லை. அதிகாரிக்கு மட்டும் பெயர் கிடையாது.

நான் எதிர்பார்க்காத ஒரு பத்தியும் அதில் இருந்தது. இரண்டாம் நாள் சேலையூரிலிருந்து ஒருவர் டெலிபோன் செய்கிறார். முதல் மாடியில் நனையாமல் இருக்கிறவர். "அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர் நனையாம இருக்கா?" என்று கேட்கிறார். கஸ்தூரி ஸ்டூல் போட்டு ஏறி ரிஜிஸ்டரைப் பீரோ மேல் வைத்துவிட்டு, "பத்ரமா கீது சார்," என்கிறார். நாவலாசிரியர் அங்கே ஒரு வரி எழுதியிருந்தார்: 'வெள்ளத்தில் ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிரியமானதைத்தான் காப்பாற்றச் சொல்வார்கள், அவருக்கு அது பிரியம்.'

அந்த முதல் மாடி என்னுடையது.

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் திட்டவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிடாமலே மூடினேன்.

4. ஒரு வரி எழுதிக் கொடுங்க

அரசு ஊழியர் நாவல் போட முன் அனுமதி வேண்டும். தேவசகாயம் வாங்கியிருந்தார். 'துறையையோ மேலதிகாரிகளையோ விமர்சிக்கும் பகுதி இல்லாதிருக்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு தலைமை அலுவலகம் ஆணை கொடுத்திருந்தது. அந்த நிபந்தனையைப் பிடித்தால், பெயரில்லாத அந்த அதிகாரி தான்தான் என்று விஜயராகவன் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் குற்றச்சாட்டை வேறு விதமாக அமைத்தார்: அனுமதிக்கு அனுப்பிய பிரதியில் ஏழாம் அத்தியாயம் இல்லை, ஆணை வந்த பிறகு நைசாகச் சேர்த்துவிட்டார். இது நிரூபணமானால் ஏமாற்று வேலை. 17பி தாராளமாக நிற்கும்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் தேவசகாயத்துக்கே பிடிக்காது. மறுநாள் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்.

"ரிடையர் ஆகப்போற மனுஷன். எனக்கும் சங்கடமா இருக்கு. ஒரே ஒரு வரி எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. 'இந்த நாவலில் வரும் பாத்திரங்கள், சம்பவங்கள் அனைத்தும் கற்பனையே.' கொடுத்தா பொண்ணுகிட்ட காட்டிட்டு ஃபைலை மூடிடறேன்."

இதைவிட மலிவான சமாதானத்தை நான் சர்வீஸில் பார்த்ததில்லை. வரியை நானே அழகாகத் தட்டச்சு செய்து தேவசகாயத்தின் முன் வைத்தேன். எழுந்து நின்று வாங்கினார். படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"இதுல கையெழுத்து போட முடியாது சார்."

"ஏன்? எல்லா நாவல்லயும் முதல் பக்கத்துலயே போடறாங்களே!"

"போடறாங்க. ஆனா கஸ்தூரி கற்பனை இல்லையே."

"யோவ், அது ஒரு ஃபார்மாலிட்டி!"

"உங்களுக்கும் எனக்கும் ஃபார்மாலிட்டி. அவங்க தெருவுல எல்லார்கிட்டயும் 'பொஸ்தகத்துல நான் கீறேன்'னு சொல்லி வெச்சிருக்காங்க. ரேஷன் கார்டு வெச்சிருக்கிற பிளாஸ்டிக் கவர்லதான் அந்தப் புத்தகமும் இருக்கு. அந்த மூணு நாளுக்கு அவங்களுக்குக் கிடைச்ச ஒரே பேப்பர் ஒரு மெமோ. ரெண்டாவது பேப்பர் இந்தப் புத்தகம். நான் இதுல கையெழுத்து போட்டா, மெமோ மட்டும் நிஜமாயிடும், புத்தகம் பொய்யாயிடும். எப்படி சார்?"

"உமக்கு 17பி வரும். ரிடையர் ஆக முடியாது."

"தெரியும் சார். நீங்கதான் எனக்கு ரூல்ஸ் சொல்லிக் கொடுத்தீங்க."

நான் கோபத்தோடு நாற்காலிக்குத் திரும்பினேன். என் அனுபவத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள் இரண்டு வகை: தப்பு செய்துவிட்டு ஒத்துக்கொள்ளாதவர்கள், தப்பே செய்யாமல் ஒத்துக்கொள்கிறவர்கள். தப்பு செய்யாமல், ஒத்துக்கொள்ளவும் மாட்டேன் என்கிற மூன்றாவது வகைக்கு என்னிடம் படிவம் இல்லை.

5. சீல் குத்திய கை

அனுமதி ஃபைல் கிடைத்தால் விஷயம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதில் அந்தக் காலத்துத் தட்டச்சுப் பிரதி இருக்கும். ஏழாம் அத்தியாயம் அதில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். ஆனால் இந்த வகை ஃபைல்களை ஓராண்டில் அழித்துவிட வேண்டும். ஏழு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் அலுவலகம் வேறு கட்டிடத்துக்கு மாறியிருந்தது. அதனால் நான் தேடவே இல்லை. விதி தெரிந்தவன் செய்கிற தவறு இது. விதிப்படி இருக்கக் கூடாத பொருளை அவன் தேட மாட்டான்.

மெமோவின் வரைவு தயாராகி என் மேஜை மேல் இருந்த அன்று காலை, கஸ்தூரி பெருக்க வந்தவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

"இன்னா சார், தேவா சாரை வூட்டுக்குப் போவ வுட மாட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"டீக்கடை வரைக்கும் பேசிகினு கீறாங்க. நான் இல்லவே இல்லைன்னு எழுதிக் குடுத்தா வுட்டுடுவீங்களாம். அவுரு மாட்டேன்றாராம். நான் வோணா கைநாட்டு வெக்கிறேன் சார். கஸ்தூரின்னு ஒருத்தி இல்லவே இல்லைன்னு எழுதிக்குங்க. எனக்கு இன்னா வந்துச்சு? சுவத்துல படம் போட்டது எனக்குத் தெரியும். அந்தத் தெருவுங்களுக்குத் தெரியும். போதும்."

தான் இல்லை என்று தானே கைநாட்டு வைக்க ஒருவர் தயாராக வந்து நின்றார். "அதுக்குப் பிரொசீஜர் கிடையாது கஸ்தூரி," என்றேன். பிறகு என்னவோ தோன்றி, அவருக்குப் புரியுமோ புரியாதோ என்று பாராமல், சிக்கலைச் சொன்னேன். அந்த அத்தியாயம் முதலிலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். காட்டப் பிரதி இல்லை.

கஸ்தூரி இடுப்பில் கை வைத்தார்.

"இன்னாத்துக்கு இல்ல? முன்னூறு பேப்பர்ல சீல் குத்தினது யாரு? ஒரு வாரம் கை நோவு எனக்கு!"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நினைவு வந்ததும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

தேவசகாயம் அனுமதி கேட்டபோது அந்த வேலையைக் கவனித்த உதவியாளர் நான்தான். சும்மா அனுப்ப மனம் வராமல், 'நாவலின் ஒவ்வொரு பக்கமும் கெஜட்டட் அலுவலரின் சான்றொப்பத்துடன் உண்மை நகலாக இணைக்கப்பட வேண்டும்' என்று ஒரு குறிப்பாணை அனுப்பினேன். அப்படி ஒரு விதி எங்கும் இல்லை. சாதிச் சான்றிதழுக்குக் கேட்பதை நாவலுக்கும் கேட்டுவிட்டேன். தேவசகாயம் மறுபேச்சில்லாமல் முன்னூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் கொண்டுபோனார்.

"யார் கையெழுத்து போட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? இப்போ பெரிய ரூம்ல குந்திகினு கீறாரே, அவுருதான். போன்ல பேசிகினே ஒரு கைல கையெழுத்து போட்டாரு. நான் பக்கம் திருப்பி சீல் குத்தினேன். பச்சை மை காயறதுக்குள்ள குத்தினா ஈஷிக்கும்னு கத்தினாரு."

"அந்தக் கட்டு எரிச்சுட்டிருப்பாங்களே..."

"செவப்புத் துணில கட்டச் சொன்னீங்க. செவப்புத் துணியை யாரு எரிப்பாங்க?"

சிவப்புத் துணி, நிரந்தரமாக வைக்க வேண்டிய ஃபைல்களுக்கு. அனுமதிக் கடிதத்துக்கு ஓராண்டு; ஆனால் அதோடு இணைந்த நாவல் எந்த வகை ஆவணம், எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று கையேட்டில் எங்கும் இல்லாததால், எதற்கும் இருக்கட்டும் என்று 'நிரந்தரம்' போட்டு முடித்திருக்கிறேன். நில ஆவணங்களுக்கு நடுவே, பரணில், துணிகூட மங்காமல் அது இருந்தது. கஸ்தூரி ஏணியைப் பிடித்துக்கொள்ள, ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த நான் ஏறினேன். தேவசகாயம் ஒருவர்தான் கஸ்தூரியை இலக்கியத்தில் நிரந்தரமாக வைத்தார் என்று சொல்ல முடியாது. அரசாங்கக் கணக்கில் வைத்தது நான்.

6. பார்வைக்குப் பணிந்து வைக்கப்படுகிறது

நேரில் போய் வாதம் செய்வது என் பழக்கம் இல்லை. குறிப்பு எழுதினேன்.

'அனுமதிக் கோப்பில் உள்ள பிரதியின் 97 முதல் 118 வரையான பக்கங்கள் கொடியிடப்பட்டுள்ளன. அவை ஏழாம் அத்தியாயம். ஒவ்வொரு பக்கமும் உண்மை நகல் எனச் சான்றொப்பம் இடப்பட்டுள்ளது. சான்றொப்பமிட்ட அலுவலர் என்ற முறையில் தாங்கள் இவ்விசாரணையில் முதல் சாட்சியாக அழைக்கப்பட வேண்டியவராகிறீர்கள். உத்தரவு வேண்டப்படுகிறது.'

விஜயராகவன், கொடி என்று நாங்கள் சொல்லும் அடையாளச் சீட்டு ஒட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பச்சை மையில் அவருடைய கையெழுத்து. அதன் மேல் சற்றுக் கோணலாக வட்ட சீல்.

"இது என் கையெழுத்துதான்," என்றார், அடையாள அணிவகுப்பில் நிற்கிறவர் போல.

"ஆமாம் சார்."

"படிக்காம போட்டிருக்கேன்."

"நாங்களும் படிக்காமதான் அனுப்பினோம் சார். தலைமை அலுவலகத்திலயும் படிக்காமதான் அனுமதி கொடுத்திருக்காங்க. முறைப்படிதான் நடந்திருக்கு."

கடைசிக் கொடியிட்ட பக்கத்தைப் படித்தார். "அந்தம்மாகிட்ட நான் நிஜமாவே விளக்கம் கேட்டேனா?"

"கேட்டீங்க சார். அந்த ஃபைலையும் எடுத்து வரட்டுமா?"

"வேணாம்யா!"

அது வெள்ளிக்கிழமை. நாவல் பிரதியை வீட்டுக்கு எடுத்துப் போனார். திங்கட்கிழமை கோப்பு திரும்பி வந்தது. எந்தக் குறிப்பிலும் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதுகிறவர், இந்த முறை இரண்டு வரி எழுதியிருந்தார்:

'முழுவதும் படித்தேன். மேல் நடவடிக்கை தேவையில்லை.'

17பி மெமோ வரைவை நான் கிழித்துக் கூடையில் போட்டேன். வரைவைக் கிழிக்கவும் ஒரு முறை இருக்கிறது. அன்றைக்கு அதைப் பின்பற்றவில்லை.

7. விழா மேடை

தேவசகாயம் குறித்த நாளில் ஓய்வுபெற்றார். மாலை, சால்வை, மிக்சர், ஒரு லட்டு. எல்லாம் முறைப்படி. விஜயராகவன் தன் மகளையும் அழைத்து வந்திருந்தார். மைக்கைப் பிடித்து அவர் சொன்ன முதல் வாக்கியத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது:

"இந்த நாவலோட முதல் வாசகன் நான்தான். ஒவ்வொரு பக்கத்திலயும் என் கையெழுத்து இருக்கு. ஃபைல்ல பார்க்கலாம்."

தேவசகாயம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். விஜயராகவன் அதோடு நிற்கவில்லை. கஸ்தூரியை மேடைக்குக் கூப்பிட்டு, தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். "அந்த மெமோவை நான் இப்பவே வாபஸ் வாங்கறேன்," என்றார். வாய்மொழியாக வாபஸ் வாங்க முடியாது. மறுநாள் நான் எழுத்தில் போட்டு, பெருவிரல் ரேகை பெற்று, ஒரு நகல் கொடுத்தேன். அதுவும் இப்போது அந்த பிளாஸ்டிக் கவரில் இருக்கிறதாம்.

கஸ்தூரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "இன்னா சார், பேஜார் பண்றீங்க," என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே எங்கள் பிரிவில் டெலிபோன் அடித்தது. முப்பது பேர் இருந்தோம். எல்லாருக்கும் கேட்டது. டெஸ்பாட்ச் சீட் காலி. டெலிபோன் யாருடைய பொறுப்பு என்று நான் மனத்துக்குள் பணிப் பகிர்வு ஆணையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்குள் கஸ்தூரி நாற்காலியை விட்டு இறங்கி, மாடிப்படியில் பாதி போயிருந்தார்.

இந்த முறை நானும் பின்னால் போனேன். நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன்.

"சார்..." என்று தொடங்கிய கஸ்தூரி என்னைப் பார்த்தார். பிறகு ரிசீவரில் சொன்னார்: "சாரும் கீறாரு. நானும் கீறேன். இன்னா தெரு, சொல்லு."

சந்தோஷபுரத்தில் இரண்டு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு புகார். எழுதிக்கொண்டேன். மேலே லட்டு தீர்ந்துவிட்டது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பாடம் இதுதான். விதிகளை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு நல்ல மனிதரைக் காப்பாற்ற வேண்டி வந்தால் அவைதான் உதவும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் பக்கத்தைப் படியுங்கள். அதில் உங்கள் பக்கத்து சீட் ஆள் இருக்கலாம். நீங்களே இருக்கலாம். டெலிபோன் அடித்தால், அது யாருடைய வேலை என்று யோசிக்கும் முன் எடுத்துவிடுங்கள். ஆணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நான் ஓய்வுபெற்று மூன்று வருடம் ஆகிறது. சேலையூரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் புகார் எண் இப்போது என் கைப்பேசிதான். மழைக்காலத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். முதல் தடவை எடுத்தபோது, "செயலாளர் இருக்காரா?" என்று ஒரு குரல் கேட்டது.

"அவர் இல்லை," என்றேன். "நான் இருக்கேன். எந்தத் தெரு, சொல்லுங்க."